மூன்றாம் வீச்சுக்குப் பிறகு

அந்த விளையாட்டில் என் மருமகள் தோற்றால் அவள் என் வீட்டில் இன்னும் சில வாரங்கள் இருப்பாள், வென்றால் போய்விடுவாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரியின் அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

நிலைமையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் மகன் போன ஆண்டு மழைக்காலத்தில், திருமழிசை அருகே நெடுஞ்சாலையில், வேலைக்குப் போகும் வழியில் இறந்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதற்கு இல்லை. என் மனைவி பல ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டவள். எனவே ஆவடியில், ரயில்பாதையை ஒட்டிய அடுக்ககத்தில், நானும் மருமகளும் எஞ்சினோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவளுடைய ஊர் விருதுநகர்ப் பக்கம். அண்ணன் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறார். அவள் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தின் கோவைக் கிளையில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“இந்த ரன் முடியட்டும்ணே. முடிச்சிட்டு வந்திடுறேன்.”

“என்ன ரன்னு? கிரிக்கெட்டா?”

“அவர் முடிக்கணும், முடிக்கணும்னு கிடந்தார்ல. அந்த கேம்.”

பிறகு அவர் என் உடல்நலத்தை விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்.

விளையாட்டு எல்லோரும் ஆடுவதுதான். வாளோடு ஒருவன் பாழடைந்த தேசம் ஒன்றில் நடந்து, வழியில் வருவனவற்றோடு போரிட்டு, கடைசியில் ஓர் அரக்கனைக் கொல்லவேண்டும். ஆனால் என் மகன் அதைத் தன் விதிகளால் கடினமாக்கிக்கொண்டான். கவசம் அணியக்கூடாது. கேடயம் ஏந்தக்கூடாது. காயத்தை ஆற்றும் மருந்துக் குப்பியைத் தொடக்கூடாது. ஒரே உயிர், அது போனால் அந்த வாள்வீரனின் பாத்திரத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். இவற்றுள் எதையும் விளையாட்டு கேட்பதில்லை. மீறினால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. அவன் இந்த விதிகளோடு பலமுறை தொடங்கி, ஒருமுறையும் முடிக்காமல் போனான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப்போன பிறகு ஒரு சனிக்கிழமை காலை, மருமகள் கூடத்துத் தொலைக்காட்சியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அதே விதிகளோடு புதிதாக ஒரு பாத்திரத்தைத் தொடங்கினாள்.

நான் நாளிதழைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன். திரையிலிருந்த மனிதன் சட்டையில்லாமல் நின்றது கண்ணில் பட்டது. என் பணிக்காலம் முழுவதும் ராணுவத்தின் கனரக வாகனங்களுக்கான கவசத் தகடுகளை வடிவமைப்பதில் கழிந்தது. கவசமே வேண்டாம் என்று ஒருவர் தாமாக முடிவுசெய்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அடி பட்டா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“பெரிய அடின்னா ஒண்ணே போதும் மாமா. சின்ன அடின்னா ரெண்டு மூணு தாங்கும். ஆனா ஆறாது.”

அன்று மதியம் கோட்டை வாசலில் நாய்கள் அவளைச் சூழ்ந்தன. அவள் கையிலிருந்த விளையாட்டுக் கருவியைத் தரையில் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில், “செத்துட்டேன் மாமா” என்றாள். சொன்ன பிறகுதான் சொல் இருவருக்கும் கேட்டது. நான் நாளிதழை மடித்தேன். அவள் எழுந்துபோய்க் குக்கரை அணைத்தாள். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடியும் தோற்றபோது, சோதனைத்தளத்தில் குண்டு துளைத்த தகட்டைப் பற்றி நாங்கள் சொல்வதுபோல், “தட்டு போச்சு” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னோம்.

என் துறையில் பாதுகாப்பைப் பல அடுக்குகளாகக் கற்பிப்பார்கள். எதிரியின் கண்ணில் படாமல் இருப்பது முதல் அடுக்கு. பட்டால், அவன் குறிக்குள் சிக்காமல் இருப்பது அடுத்தது. சிக்கினால் அடிபடாமல் இருப்பது. அடிபட்டால் துளைபடாமல் இருப்பது. தகடு இருப்பது கடைசி அடுக்கில். மற்ற எல்லாம் தோற்ற பிறகே அதற்கு வேலை. என் மகனின் விதிகள் அந்தக் கடைசி அடுக்கை உரித்தெடுத்துவிட்டு, மற்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கச் சொல்லின. இதை நான் அவளிடம் சொன்னபோது அவள் ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். பிறகு நாற்காலியைத் தனக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, “இங்க உக்காந்து சொல்லுங்க மாமா, எனக்கு ஆடும்போது யோசிக்க வரல” என்றாள்.

இப்படித்தான் தொடங்கியது. அவளுடைய விரல்கள் வேகமானவை, பொறுமை குறைவு. எனக்கு அந்த விரல் வேகம் கிடையாது. ஆனால் ஒரே இயக்கத்தை நாள்முழுதும் பார்த்து, அதன் தொடக்கக் கணத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கம் உண்டு. எந்த எதிரியும் அடிப்பதற்கு முன் உடம்பில் எங்கோ ஓரிடத்தில் அதைச் சொல்லிவிடுகிறான். அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலையாயிற்று. நாய் பாய்வதற்கு முன் பின்னங்கால்களைச் சேர்க்கும். ஈட்டிக்காரன் முழங்கையைத் தாழ்த்துவான். பின்வாங்கி உருளாதே, உள்நோக்கி உருள். ஆயுதத்தின் முனையில்தான் வேகம் இருக்கிறது, பிடியின் அருகில் இல்லை. மூச்சின் அளவைக் காட்டும் பச்சைக் கோட்டில் கடைசிப் பகுதியை ஒருபோதும் செலவழிக்காதே. ஓர் அடி அடித்தால் விலகு. இரண்டாம் அடிக்கு ஆசைப்படுகிறவர்கள்தான் சாகிறார்கள். இவற்றையெல்லாம் நான் சொன்னேன், அவள் செய்தாள்.

நாங்கள் பேசியதெல்லாம் இவைதான். என் மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அப்படி ஒரு விதியை யாரும் வைக்கவில்லை. ஆனாலும் இருவரும் அதைக் காத்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகனின் நண்பன் ஒருவன் வருவான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பிரியாணிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றும்போதே திரையைப் பார்ப்பான்.

“இன்னா நைனா, இன்னும் இந்தக் காட்டுலயே சுத்திகினு கீறீங்க? நேரா பாலத்த தாண்டினா கோட்டை. ஆவடிலேர்ந்து அம்பத்தூர் போறதுக்குத் திருநின்றவூரு சுத்திகினு போற மாறி கீது உங்க ரூட்டு.”

“பாலத்துல வில்லாளிகள் இருக்காங்க. காடு பாதுகாப்பானது” என்றேன்.

“பாதுகாப்புதான். யார் இல்லேன்னா? ஆனா அவன் இருந்தான்னா பாலத்துலயே ஓடிப்போயி…” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “மாமா சொன்னா காரணம் இருக்கும்ணே” என்றாள்.

“காரணம் கீதும்மா. இன்னா காரணம்னுதான் கேக்கறேன்” என்றான் அவன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தான்.

அவன் போன பிறகு அந்தக் கேள்வி வீட்டில் இருந்தது. நான் அவளுக்குத் தவறான அடியை ஒருபோதும் சொன்னதில்லை; இனியும் சொல்லமாட்டேன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் வகுத்த வழிகள் எல்லாம் நீண்டவை. பாலத்தை அவள் ஓடிக் கடந்திருக்கலாம். வில்லாளிகள் அம்பை நாணேற்றுவதற்குள் போதிய அவகாசம் இருந்ததை நான் கணக்கிட்டே வைத்திருந்தேன்.

கடைசி அரக்கன் வற்றிப்போன ஏரி ஒன்றின் நடுவில் நிற்பான். சங்கிலியின் முனையில் பெரிய இரும்புக் குண்டு. முதல் வீச்சு வலமிருந்து இடம். இரண்டாவது அதே வழியில் திரும்பி வரும். மூன்றாவது தலைக்கு மேலிருந்து நேராகத் தரையில். குண்டு சேற்றில் புதையும். அதைப் பிடுங்க அவனுக்கு ஆகும் நேரத்தில் அவள் ஓர் அடி அடித்து விலகலாம். இது முதல் பாதிவரை. அவன் உயிர் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு சில தடவை ஏமாற்றுவான்: பிடுங்குவதுபோல் தாமதித்து, எதிர்பாராத நேரத்தில் சேற்றோடு சேர்த்துப் பக்கவாட்டில் வீசுவான். அந்த வீச்சில்தான் மகன் ஒவ்வொரு முறையும் தோற்றான் என்று நண்பன் சொல்லியிருந்தான். அதற்கும் ஓர் அடையாளம் உண்டு. கண்டுபிடிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. ஏமாற்றப்போகிறான் என்றால் இடது தோள் இறங்கும். தோள் இறங்கினால் உள்நோக்கி உருளவேண்டும். இறங்காவிட்டால் அடிக்கலாம்.

கோடை தொடங்கியபோது அவள் அரக்கனிடம் ஒருமுறை நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தாள். காயம் எதுவும் இல்லை. அந்த வாரம்தான் அண்ணன் சொல்லியிருந்தார்: மாதம் முடிவதற்குள் சேராவிட்டால் கோவையில் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமை முற்பகல். மின்விசிறிச் சத்தத்துக்கும் மேலே புறநகர் ரயில் போகும் சத்தம் வந்து வந்து போயிற்று. அரக்கனின் மிச்ச உயிரைத் திரையில் காட்டும் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்குக் குறுகிவிட்டது. இன்னும் ஓரிரு அடிகள். குண்டு சேற்றில் புதைந்தது. நான் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் அசைவதற்கு முன்பே அவள் உருண்டாள். அதுவும் வெளிநோக்கி, வேகம் முழுவதும் சேரும் சங்கிலி முனையின் தூரத்துக்கு. அதன் பிறகுதான் தோள் இறங்கியது. குண்டு வந்தது.

“தட்டு போச்சு மாமா” என்றாள்.

“ஆமாம்” என்றேன்.

பாத்திரத்தை அழிக்கவா என்று திரை கேட்டது. அவள் தயங்காமல் ஆமாம் என்று அழுத்தினாள். பிறகு வேகமாகச் சமையலறைக்குப் போனாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. நான் அதைப் பார்த்தேன்.

தோற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கைதவறித் தோற்பதற்கு ஒரு வடிவம் உண்டு. அவசரப்பட்டவன் தாமதமாக நகர்வான், அல்லது பழகிய திசையிலேயே தவறான நேரத்தில் நகர்வான். பல மாதங்களாக உள்நோக்கி மட்டுமே உருண்ட கை, தூண்டுதல் எதுவும் இல்லாதபோது, வெளிநோக்கி உருள்வதில்லை. எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. அதை வேறு பெயரால் அழைக்க முடியாது. அன்று இரவுச் சாப்பாடு வரை அது நீடித்தது. பிறகு அந்த இடத்தில் பயம் வந்தது. நான் நீண்ட வழிகளைக் காட்டிக்கொண்டே இருப்பேன். அவள் வெற்றியின் வாசல்வரை வந்து விழுந்துகொண்டே இருப்பாள். கோவையில் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். அவளுக்கு முப்பது வயது முடிந்து, நாற்பது வந்து, இந்தக் கூடத்தில் என் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருப்பாள். ஒரு விதவையை வீட்டில் வைத்துக்கொள்ள முன்காலத்தில் பல வழிகள் இருந்தன. நாங்கள் இருவரும் சேர்ந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தோம்.

அடுத்த நாள் காலை அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

“நேத்து தோள் இறங்கறதுக்கு முன்னாடியே உருண்டுட்டம்மா.”

தோசைக்கரண்டி நின்றது. “பாத்துட்டீங்களா?”

“அதுதானே என் வேலை.”

“அப்பவே கேட்டிருக்கலாமே மாமா.”

“கேட்டிருக்கலாம். நீயும் காட்டு வழி எதுக்குன்னு என்னைக் கேட்டிருக்கலாம்.”

அவள் தோசையைத் திருப்பினாள். ஓரம் கருகியிருந்தது. அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, எனக்கு வேறொன்று வார்த்தாள். கொண்டுவந்து வைக்கும்போது, “நான் போயிட்டா நீங்க இங்க யார்கிட்ட பேசுவீங்க?” என்றாள்.

“இந்தத் தடவை பாலத்து வழியாப் போகலாம்” என்றேன்.

பாலத்து வழியாகப் போனோம். அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் ஆடினாள். நான் குறுக்கு வழிகளை மட்டுமே சொன்னேன். வில்லாளிகளின் அம்பு ஒன்று தோளை உரசியது. உயிர்க்கோட்டில் பாதி போயிற்று. ஆறாத காயத்தோடு கோட்டையைக் கடந்தாள். இம்முறை தோற்றால் மாதம் முடிவதற்குள் இன்னொன்றைத் தொடங்கி முடிக்க நேரம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஏரியை அடைந்த அன்று அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். சென்ட்ரலில் இறங்கி, புறநகர் ரயில் பிடித்து, காலைச் சிற்றுண்டி நேரத்துக்கு வாசலில் நின்றார். நண்பனும் வந்திருந்தான். அவள் அண்ணனுக்குக் காப்பி கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“இதா அது? சட்டகூட போடாம ஒருத்தன் நிக்கான். இதுக்கா மூணு மாசமா போக்கு காட்டுற?” என்றார் அண்ணன்.

“சார், கம்னு குந்துங்க. இப்ப பேசாதீங்க” என்றான் நண்பன்.

அரக்கன் சேற்றிலிருந்து எழுந்தான். முதல் பாதி பிசகில்லாமல் போயிற்று. வலம், இடம், தலைக்கு மேல், ஓர் அடி, விலகல். பாதிக்குக் கீழே இறங்கியதும் முதல் ஏமாற்று வந்தது. “தோள்” என்றேன். அவள் உள்ளே உருண்டாள். குண்டு அவள் பின்னால் சீறிப் போயிற்று. அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அரக்கனின் உயிர் அதே நகக்கண் அளவுக்கு வந்தது. மூன்றாம் வீச்சு விழுந்தது. தோள் இறங்கவில்லை. அவள் அடிக்கவில்லை. சுற்றி வந்தாள். மறுபடியும் மூன்று வீச்சுகளையும் பிழையின்றித் தவிர்த்தாள்; மறுபடியும் தோள் இறங்கவில்லை; மறுபடியும் அடிக்கவில்லை. அவளுடைய தற்காப்பில் ஒரு குறையும் இல்லை. மாலை வரைகூட அப்படியே இருந்திருப்பாள். எல்லாம் நான் கற்றுக்கொடுத்தது.

“ஏ புள்ள, அவன் சும்மாதான நிக்கான்? ஏன் அடிக்க மாட்டேங்க?” என்றார் அண்ணன்.

நண்பன் என்னைப் பார்த்தான். இம்முறை நேராகப் பார்த்தான்.

“திறந்திருக்கும்மா” என்றேன்.

“தெரியுது மாமா.”

குண்டு எழுந்தது. வலம். இடம். அவள் கட்டைவிரல்கள் வெளுத்திருந்தன. தலைக்கு மேல். சேறு தெறித்தது. தோள் அசையவில்லை.

“அடி” என்றேன். அடித்தாள். கோட்டில் மயிரிழை மிஞ்சியது. அவள் கை விலகுவதற்குத் திரும்பியது. அது நான் பழக்கிய கை. சங்கிலி இறுகத் தொடங்கிவிட்டது, குண்டு கிளம்பிக்கொண்டிருந்தது. “விலகாதே. இன்னொண்ணு அடி” என்றேன். பணிக்காலத்தில் இப்படி ஓர் ஆலோசனையை நான் எழுத்தில் கொடுத்திருந்தால் என்னை விசாரணைக்கு அழைத்திருப்பார்கள். அவள் ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. வாள் இறங்கியது. குண்டு அவளை நோக்கிப் பாதி தூரம் வந்து, அங்கேயே சேற்றில் விழுந்தது.

அண்ணன்தான் முதலில் கத்தினார். நண்பன் எழுந்து பால்கனிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. அவள் கருவியை இரண்டு கைகளாலும் பிடித்தபடியே இருந்தாள்.

“முடிஞ்சிடுச்சு மாமா.”

“முடிஞ்சிடுச்சும்மா. நல்லா ஆடின.”

அவள் அண்ணன் பக்கம் திரும்பி, “டிக்கெட் போடுண்ணே” என்றாள்.

புதன்கிழமை போனாள். விளையாட்டுக் கன்சோலைக் கொண்டுபோகவா, வேண்டாமா என்று கேட்டாள். கொண்டுபோகச் சொன்னேன். ஆவடி நிலையம் வரைதான் நான் போனேன். அதற்கு மேல் அண்ணன் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் வீடு சேர்ந்தாயிற்று, வேலையில் சேர்ந்தாயிற்று, மாத்திரை போட்டீர்களா என்ற குறுஞ்செய்திகள் மட்டும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் அனுப்பினேன். அவை நின்றுபோகும் நாளை எதிர்பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை முற்பகல் தொலைபேசி அடித்தது.

“மாமா, சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“வெயில் அங்க எப்படி இருக்கு?”

“இருக்கு.”

நாங்கள் அரக்கனைப் பற்றியும் நாய்களைப் பற்றியும் தவிர வேறு எதையும் பேசிப் பழகியிருக்கவில்லை. மறுமுனையில் அண்ணன் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பிறகு அவள் ஏதோ கதவைச் சாத்திக்கொண்டாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அவர் பல்லியப் பாத்தா ஏன் அப்படி அலறுவார்? கேட்டா சிரிச்சு மழுப்பிடுவார். சின்ன வயசுலயேவா?”

நான் உட்கார்ந்தேன். தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“சின்ன வயசுல பயமே கிடையாது” என்றேன். “ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்ல இருக்கும்போது ஒருநாள் அவன் அம்மா சட்டையை மடிச்சு வச்சிருந்தா. அதை எடுத்துத் தலைவழியா மாட்டினான். உள்ள ஒண்ணு இருந்திருக்கு…”

“ஐயோ” என்றாள் அவள். “அப்புறம்?”